எங்கள் நாற்றுக்குத் தண்ணீர் வைத்தவருக்கு

கூட நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வயல்களுக்கு மேலே போகும் உயர் அழுத்த மின்பாதைக்கான கோபுர வேலை, மறு அளவீடு முடியும்வரை நடக்காது என்று நேற்று மாலை எழுத்தில் வந்துவிட்டது. அதற்காகத்தான் ரோட்டில் உட்கார்ந்தோம், போலீஸ் எங்களை வண்டியில் ஏற்றியது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை, ஆனாலும் இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

எங்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்த அன்று சாயங்காலம்தான் என் வயலுக்கு முறைத்தண்ணீர், அதாவது வாய்க்காலில் என் முறைக்கு வரும் தண்ணீர். குறுவை நாற்று விட்டு ஒன்பது நாள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கோரையாற்றின் கடைசிக் கோடியில் இருக்கும் எங்கள் கடைமடைக்கு வந்துசேர்வதே பெரும்பாடு. முறையைத் தவறவிட்டால் அடுத்த முறைக்குள் நாற்றங்கால் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிடும். எனக்கு பம்புசெட்டும் கிடையாது. வீட்டில் எல்லோரும் மண்டபத்தில். விதைநெல் போனது போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இரவு பதினொரு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு வயலுக்குப் போனேன். நாற்றங்காலில் தண்ணீர் நிறைந்து நின்றது. மடையை வைக்கோலும் களிமண்ணும் வைத்துப் பதமாக அடைத்திருந்தது. வரப்பு நெடுக ஈரக் காலடிகள். அது எந்த வரப்பு தெரியுமா? பதினொரு வருஷமாக வழக்கில் இருக்கிற வரப்பு. என் பங்காளி அண்ணன் அதில் கால் வைக்க மாட்டார், நானும் வைக்க மாட்டேன். கல்யாணம், சாவு எதிலும் பேசிக்கொண்டதில்லை. அவர் வயலுக்கு மேலே ஒரு கம்பிகூடப் போகவில்லை, போராட்டத்துக்கும் அவர் வரவில்லை.

விடிந்ததும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். சொல்ல வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "சண்டை நமக்குள்ளதான் தம்பி. நாத்து என்ன பண்ணுச்சு?" அண்ணி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். பதினொரு வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குடித்தேன்.

மண்டபத்துக்குச் சாப்பாடு கட்டி அனுப்பிய கீழத்தெரு, கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த நடவாட்கள், காசு வாங்காமல் மனு எழுதிய வக்கீல், அடங்கல் என்கிற சாகுபடிக் கணக்கும் நிலத்தின் புலப்படமும் தேடி எடுத்துக் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள், எங்கள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியவர்கள், எல்லோருக்கும் நன்றி.

ஆதரவு சொல்ல வந்த தலைவர்களுக்கும், எந்தக் கட்சியானாலும், நன்றி. ஆனால் நாங்கள் ரோட்டில் உட்கார்ந்த பிறகு வருவது போதாது. டெல்டா விவசாயத்தைக் காக்க 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டத்தின் தடைப் பட்டியலில் எண்ணெய், எரிவாயு எடுப்பது இருக்கிறது, உருக்காலைகள் இருக்கின்றன. உயர் அழுத்த மின்பாதை இல்லை. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை மின்பாதைக்கும் பயன்படுத்தி, நிலத்தைக் கையகப்படுத்தாமலே கோபுரம் நட்டுவிடலாம். பட்டா நம் பேரில்தான் இருக்கும், ஆனால் கம்பிக்கு அடியில் ஒரு தென்னை வைக்க முடியாது. 2024 ஜூனில் ஒன்றிய மின்துறை கொடுத்த வழிகாட்டுதலில் கோபுரத்தடிக்கு நில மதிப்பில் 200 விழுக்காடு, கம்பி போகும் தடத்துக்கு 30 விழுக்காடு இழப்பீடு என்று இருக்கிறது. இதை எங்கள் ஊரில் சொன்னது அந்தக் கல்லூரிப் பிள்ளைகள்தான். ஓட்டு வாங்கிய யாரும் வந்து சொல்லவில்லை. மின்சாரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. வரைபடத்தில் கோடு போடும்போதே ஊரைக் கூப்பிட்டுக் கேட்கவைப்பது எம்எல்ஏ, எம்பிக்கள் வேலை. அதைத்தான் ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாக வைக்கப்போகிறோம். எல்லோரும் வர வேண்டும்.

அப்புறம், அந்த வரப்பை அளந்து தரச் சொல்லி நான் கொடுத்திருக்கும் மனுவைத் திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்குப் போய்த் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அண்ணனையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன்.