மழை பெய்த அன்றே நீரைச் சோதியுங்கள்: சிங்கப்பூர் ஓடைப் பராமரிப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் புளோக்குகளுக்குப் பின்னால் ஓடும் சிற்றோடையில் சென்ற மாதம் மீன்கள் செத்து மிதந்தது குறித்து நாங்கள் அனுப்பிய முறையீடும், நீரின் தரம் வழக்கமான அளவிலேயே இருப்பதாகத் தாங்கள் அளித்த பதிலும் தங்கள் கோப்பில் இருக்கும். அவற்றை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. மழை பெய்தது ஞாயிறு விடியற்காலையில்; தாங்கள் நீர் மாதிரி எடுத்தது வியாழக்கிழமை. எங்கள் மனக்குறை இது ஒன்றே.

மூன்று வாரம் மழையின்றி ஓடைப்படுகை பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஓரிரு பள்ளங்களில் மட்டுமே நீர் எஞ்சியிருந்தது. வண்டல் அவ்வாறு காயும்போது அதிலுள்ள நுண்ணுயிர்களில் பெரும்பகுதி மடிகிறது. காற்றுப்பட்டு, சேற்றிலிருந்த அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுகிறது. மறுபடியும் நீர் பாய்ந்ததும், மடிந்தவற்றிலிருந்து கரிமப்பொருளும் நைட்ரஜனும் பாஸ்பரசும் மொத்தமாகக் கரைந்து வர, பிழைத்த நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு பெருகி நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜன் அற்றுப்போன சேற்றில் இரும்பு கரைய, அது பிடித்து வைத்திருந்த பாஸ்பரசும் வெளியேறுகிறது. காய்ந்த மண் நனையும்போது நைட்ரஜன் திடீரெனப் பெருகுவதை மண்ணியல் ஆய்வாளர் எச். எஃப். பிர்ச் 1958-லேயே எழுதிவிட்டார். தங்கள் வல்லுநர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

மழை பெய்த அந்த ஞாயிறு காலை ஓடைநீர் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எங்களுடன் வந்த உயர்நிலை 2 மாணவி ஒருத்தி, வாளியில் ஓடைநீரையே மொண்டு அதில் ஏழெட்டு மீன்களை எடுத்து விட்டாள். அவற்றைக் காப்பாற்றிவிட்டதாகவே நம்பினாள். வாளியிலும் அதே நீர்தானே. நாங்கள் அடுத்த வளைவுக்குப் போய்த் திரும்புவதற்குள் அத்தனையும் செத்துவிட்டன. நீர் வழக்கம்போலத்தான் இருந்தது என்ற தங்கள் கடிதத்தை அந்தப் பிள்ளையிடம் எப்படிப் படித்துக் காட்டுவது?

வியாழக்கிழமை சோதித்த நீர் நல்ல நீராகவே இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நீரோ அதற்குள் வெகுதூரம் போய்விட்டது. இத்தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு, மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குச் சென்று சேரும் நீர்ப்பிடிப்புப் பகுதி. ஆகவே ஓடையில் கரைந்தது நீர்த்தேக்கத்தில் பாசிக்கு உணவாகவும் கூடும். 2014-இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் நீடித்த வறட்சியைப் போன்ற ஒன்று மீண்டும் வந்தால், அதன்பின் பாயும் முதல் நீரை அளப்பவர் யார்? ஓடைக்கரையில் புதிய இருக்கைகளும் அறிவிப்புப் பலகைகளும் வைக்க ஆள் கிடைக்கும்போது, ஒரு குடுவை நீர் எடுக்க மட்டும் நான்கு நாள் ஆவது எங்களுக்கு விளங்கவில்லை. சிங்கப்பூர் ஆற்றை 1977 முதல் பத்தாண்டு உழைத்துத் தூய்மைப்படுத்திய நாட்டில் இது பெரிய கோரிக்கை அன்று.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். வறண்ட ஓடையில் நீர் பாயத் தொடங்கிய முதல் சில மணி நேரத்துக்குள் மாதிரி எடுத்து, ஆக்சிஜன், அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் அளவுகளைக் குடியிருப்பாளர்களுக்கு அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எந்த நேரத்தில் மழை பெய்தாலும் தொண்டூழியர்களாகிய நாங்கள் கரையில் நிற்போம். மாதிரி எடுக்கத் தெரிந்த ஓர் அலுவலரை மட்டும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓடைக்கரைத் தொண்டூழியர் ஒருவர்