இரண்டாவது புராசஸருக்கு ரேம் பொருத்தாமல் தரப்பட்ட சர்வர் குறித்த புகார்

அனுப்புநர்:
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்,
மருந்து மொத்த விற்பனை நிறுவனம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சர்வரில் ரேம் தவறாகப் பொருத்தப்பட்டதால் டேட்டாபேஸ் மந்தமாக ஓடுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பில்லிங், ஸ்டாக் கணக்குகளுக்கான போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்காகத் தங்களிடம் வாங்கிய இரட்டைப் புராசஸர் சர்வர், மாதக் கடைசியில் எல்லாக் கவுன்டர்களிலும் ஒருசேரப் பில் போடும்போது, எங்களிடம் முன்பிருந்த ஒற்றைப் புராசஸர் சர்வரைவிட மெதுவாக ஓடுகிறது.

புராசஸர்கள் 100 சதவீதம் வேலை செய்வதால் குறை எங்கள் குவெரிகளில்தான் (டேட்டாபேஸிடம் தரவு கேட்டு அனுப்பும் கட்டளைகளில்தான்) என்று தங்கள் சர்வீஸ் இன்ஜினியர் எழுதிக் கொடுத்துள்ளார். ரேமிலிருந்து தரவு வரும்வரை புராசஸர் காத்துக் கிடக்கும் நேரத்தையும் சர்வரின் இயங்குதளமான லினக்ஸ் வேலை நேரமாகவே கணக்கிடும் என்பது சர்வர் விற்பவர்கள் அறியாததல்ல. ஒரே குவெரியைப் பல கோர்களுக்கு (புராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளுக்கு)ப் பிரித்துத் தரும் அமைப்பை, அதன் இயல்பு அளவான 2-இலிருந்து கூட்டச் சொன்னார், கூட்டினோம், பயனில்லை.

ஒவ்வொரு புராசஸருக்கும் உரிய ரேம் எவ்வளவு என்று காட்டும் கட்டளையைக் கொடுத்தபோது, இரண்டாவது புராசஸரைக் குறிக்கும் நோடு 1-க்கு நேரே 0 எம்பி என்று வந்தது. அவர் முன்னிலையிலேயே மூடியைக் கழற்றிப் பார்த்தோம். எட்டு ரேம் ஸ்டிக்குகளும் முதல் புராசஸரின் ஸ்லாட்டுகளில் நெருக்கிச் செருகப்பட்டிருந்தன. இரண்டாவதன் பக்கம் ஒன்றுகூட இல்லை.

இவ்வகைச் சர்வரில் ஒவ்வொரு புராசஸருக்கும் தன் ரேமோடு இணைக்கும் தனி வழிகள் (மெமரி சேனல்கள்) உண்டு. தன் பக்கம் ரேம் இல்லாத புராசஸர், தனக்கு வேண்டிய தரவு முழுவதையும் மற்றதன் வழியாகவே பெற்றாக வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிப் புராசஸை (தனியே ஓடும் நிரலை)த் தொடங்குவதாலும், அவை அனைத்தும் ரேமில் தரவை வைத்திருக்கும் பொதுவான ஒரே பஃபரை நாடுவதாலும், கவுன்டர்கள் கூடக்கூட அந்த ஒற்றை வழியில் நெரிசல் மிகுகிறது. டேட்டாபேஸை முதல் புராசஸரின் கோர்களில் மட்டும் ஓடவிட்டால் அதே ஸ்டாக் அறிக்கை விரைவாக முடிகிறது. அதாவது, காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது புராசஸரைச் சும்மா வைத்திருந்தால்தான் எங்களுக்கு வேகம் கிடைக்கிறது.

ஆகவே, தயாரிப்பாளரின் கையேட்டிலுள்ள ஸ்லாட் வரிசைப்படி ரேமை இரு புராசஸர்களுக்கும் சமமாகப் பிரித்துப் பொருத்தவும், கூடுதல் ஸ்டிக்குகள் தேவைப்பட்டால் தங்கள் செலவிலேயே தரவும், எங்கள் குவெரிகளைக் குறைகூறும் சர்வீஸ் அறிக்கையைத் திரும்பப் பெறவும் கேட்டுக்கொள்கிறேன். பணி கடை மூடிய பிறகு, இரவில் நடக்க வேண்டும். அது முடியும்வரை ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் அடுத்த தவணையை நிறுத்தி வைத்துள்ளோம்.

இப்படிக்கு,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்