அச்சிறுபாக்கம் சாலையில் என் அப்பாவுக்காக நின்றவர்களுக்கு

வணக்கம். உங்களில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் எல்லோர் கண்ணிலும் படும்படி இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இருட்டுகிற நேரம். அச்சிறுபாக்கத்தைத் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் டிவிஎஸ் 50-இல் வந்த அப்பாவை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொடை எலும்பு முறிந்து, சதை கிழிந்து, நடுரோட்டில் கிடந்தார்.

லாரி ஓட்டுநர் அண்ணா, பின்னால் வந்த நீங்கள் லாரியைக் குறுக்கே நிறுத்தி, நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தீர்களாம். அந்தச் சாலையில் ராத்திரி வண்டிகள் வருகிற வேகம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். தோளில் கிடந்த பச்சைத் துண்டை மடித்துக் காயத்தில் அழுத்திய நீங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கவே இல்லை என்று டீக்கடை அக்கா சொன்னார்.

அக்கா, உங்களைப் பற்றி மற்றவர்கள் சொன்னார்கள். "தொடாதீங்க, அப்புறம் போலீஸ், கோர்ட்டுன்னு அலையணும்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதும், "நான் அலைஞ்சுக்கிறேன், நீ தள்ளி நில்லு" என்றீர்களாமே. அந்தப் பயமே வேண்டாம் என்பது எனக்கும் இப்போதுதான் தெரியும். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல மனதோடு உதவப் போய் ஏதாவது தவறிப்போனாலும் உதவியவர் மேல் வழக்கு வராது. பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது. இதெல்லாம் தெரியாமலேதானே அக்கா நீங்கள் நின்றீர்கள்!

கல்லூரித் தம்பிகள் இருவருக்கும் என்ன சொல்வது? ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் கொடுக்கப் போனவர்களைத் தடுத்து, அப்பாவின் கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டீர்கள். அவர் போன் பூட்டியிருந்தது. யாராவது அழைப்பார்கள் என்று அதைக் கையிலேயே வைத்திருந்து, நான் அழைத்ததும் "அண்ணா, அப்பா பேசிட்டுதான் இருக்காரு, பயப்படாதீங்க" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை வந்து சேர்ந்தேன்.

108 வண்டியில் வந்த இருவருக்கும், அன்று இரவு பணியில் இருந்த மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும் என் நன்றி. அப்பா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார்.

இளவயதில் அவர் ரசிகர் மன்றச் செயலாளர். கட்அவுட் வைக்கச் சாரம் ஏறியவர். 'ஹீரோ' என்ற சொல்லைச் சினிமாவுக்கு வெளியே அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. போன வாரம் கட்டிலில் படுத்தபடி, "அந்த லாரிக்காரர்தாண்டா ஹீரோ. முகத்தைத்தான் பார்க்க முடியல, ஹெட்லைட் வெளிச்சம் அவருக்குப் பின்னாடி இருந்துச்சு" என்றார்.

அண்ணா, அவசரப் பிரிவில் அப்பாவின் துணிகளோடு உங்கள் துண்டையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா மூன்று முறை ஊறவைத்துத் துவைத்தார். ஓரத்தில் மட்டும் கறை போகவில்லை. புதுத் துண்டு ஒன்றும் சேர்த்து டீக்கடை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். அந்த வழியாக வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் எண்ணும் அக்காவிடம் இருக்கிறது. அப்பா உங்களோடு பேச வேண்டுமாம்.

அன்புடன்,
மூத்த மகன், தாம்பரம்