சலாலாவிலும் சாரல்தான், அப்பா

சலாலா, ஓமன்
ஆடி முதல் வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? இதை அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். போன வாரம் போனில், "அந்த வெயில்ல எப்படிய்யா வேலை பாக்கே, தலையில துண்டைக் கட்டிக்கோ" என்றாள். அவள் அதைச் சொல்லும்போது நான் சட்டையெல்லாம் நனைந்து, பத்தடி தள்ளி நிற்கிற வண்டிகூடத் தெரியாத மூடுபனிக்குள் நின்றுகொண்டிருந்தேன். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அரபு நாடு என்றால் மணலும் வெயிலும் என்றுதான் நம் ஊரில் பேச்சு. குவைத்தில் வேலை பார்த்தபோது நான் கண்டதும் அதுதான். கோடையில் வடமேற்கிலிருந்து ஷமால் என்ற காற்று கிளம்பி, இராக் பக்கத்துப் புழுதியை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். பட்டப்பகலில் வண்டிக்கு விளக்குப் போட்டு ஓட்டுவோம். அங்கே மித்ரிபா என்ற இடத்தில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவாகியிருக்கிறது. ஆனால் குவைத்தை வைத்து அரபு மண் முழுவதையும் எடை போடக் கூடாது. மொரோக்கோ, மௌரிடானியாவின் அட்லாண்டிக் கரையிலிருந்து ஓமனின் அரபிக்கடல் கரை வரை 22 நாடுகள். பரப்பு ஏறக்குறைய 1.3 கோடி சதுர கிலோமீட்டர். நம் இந்தியாவைப் போல நான்கு மடங்கு. அதில் பனி கொட்டும் மலையும் உண்டு, தென்னந்தோப்பும் உண்டு.

தென்னந்தோப்பு இருப்பது நான் இருக்கிற இந்த சலாலாவில். ரோட்டோரம் வரிசையாகப் பெட்டிக்கடை போட்டு இளநீர் வெட்டித் தருகிறார்கள், பக்கத்திலேயே வாழைத்தார், பப்பாளி. ஜூன் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை இங்கே கரீஃப் என்ற பருவம். இந்த மாதங்களில் மஸ்கட்டும் துபாயும் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது இங்கே 25, 26 டிகிரிதான். வெயில் தாங்காமல் வளைகுடா நாடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கார் போட்டு வந்து, சாரலில் நனைந்துகொண்டு புல்வெளியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். நம் குற்றாலத்தில் சாரல் விழா நடக்கிற அதே நாட்களில் இங்கேயும் விழா நடக்கிறது.

தற்செயல் இல்லை அப்பா, காற்று ஒன்றேதான். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி வேகம் எடுக்கிற தென்மேற்குக் காற்று, சோமாலியாவைத் தாண்டி, இந்தக் கரையை உரசிக்கொண்டு அரபிக்கடலைக் கடந்து போய்த்தான் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக உங்கள் வயலுக்கு வருகிற ஈரக்காற்று இந்தப் பக்கக் கடலின் மேலேதான் வந்திருக்கும்.

அப்படியென்றால் இங்கே ஏன் அருவி கொட்டுகிற மாதிரி மழை இல்லை என்று கேட்பீர்கள். எனக்கும் இந்தக் கேள்விதான் முதலில் வந்தது. வேலைக்காக வானிலைக் கணக்குகளைப் படித்ததில் விவரம் புரிந்தது. காற்று கரையோரமாக வீசும்போது கடலின் மேல்தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலேறி வருகிறது. அதைத் தொட்டு வருகிற காற்று குளிர்ந்து மேகமாகத் திரண்டு மலையில் ஏறப் பார்க்கும். ஆனால் பாலைவனத்திலிருந்து வருகிற சூடான வறண்ட காற்று அதற்கு மேலே பானை மூடி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மேகம் உயர முடியாது. உயராத மேகம் பெருமழை ஆகாது. பனிமூட்டமாகவும் தூறலாகவும் மலைச்சரிவிலேயே தங்கிவிடுகிறது. இங்கே வருடம் முழுக்கச் சேர்த்தாலே 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை.

அந்த 100 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு எப்படி மலை முழுக்கக் காடு நிற்கிறது? இதை நான் கண்ணால் பார்த்தேன். சர்வே வேலையாக மலையில் நின்றபோது வெட்டவெளியில் தூறல் மட்டும்தான், தரை லேசாக ஈரம். இரண்டடி தள்ளி ஒரு மரத்தடியில் ஒதுங்கினால் அங்கே சொட்டுச் சொட்டாக மழை! கையை நீட்டினேன், உள்ளங்கை நிறைந்தது. மிதந்து வருகிற பனித்துளியை இலைகள் பிடித்துச் சேர்த்துக் கீழே விடுகின்றன. கிளை வழியாகவும் தண்டு வழியாகவும் வேறு ஒழுகி வேருக்குப் போகிறது. மரம் இருக்கிற இடத்தில்தான் மழை. அந்தத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, அடிவாரத்தில் ஊற்றாகவும் சமவெளியில் கிணற்றுத் தண்ணீராகவும் வருகிறது. ஊர் காலங்காலமாக நம்பியிருந்தது அதைத்தான்.

அதனால்தான் மனசு அடித்துக்கொள்கிறது. ஒட்டகமும் மாடும் அளவுக்கு மேல் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்துவிடுகின்றன. மரம் குறைந்தால் பனி வந்தபடியே வந்து, பிடிக்க ஆளில்லாமல் போய்விடும். சமவெளியிலோ கிணற்றில் அளவில்லாமல் இறைத்ததில் கடல் தண்ணீர் நிலத்துக்கடியில் உள்ளே வந்துவிட்டது. சில தோட்டங்களில் தண்ணீர் கரிக்கிறது. இந்த மலைக்காட்டை எப்பாடு பட்டாவது காப்பாற்ற வேண்டும். இதற்கு ஈடாக இன்னொன்று சுற்று வட்டாரத்தில் எங்கும் கிடையாது.

இங்கே மலைக்காரர்கள் வளர்க்கிற மாடு திமிலோடு, சின்னதாக, நம் நாட்டு மாட்டுச் சாயலில் இருக்கும். தீவனம் என்ன தெரியுமா? காய்ந்த சாளை மீன்! ஆழத்திலிருந்து மேலேறுகிற குளிர்ந்த தண்ணீர் மீனுக்கு வேண்டிய சத்தையும் கொண்டு வருவதால் சாளை ஏராளமாகக் கிடைக்கிறது. கடற்கரை மணலில் பரப்பிக் காய வைத்து, மேய்ச்சல் இல்லாத மாதங்களில் மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போடுகிறார்கள்.

அப்புறம், மலையைத் தாண்டுகிற கதை. சலாலாவிலிருந்து வடக்கே தும்ரைத் ரோட்டில் ஏறினால் முதலில் ஒரே பனிமூட்டம். வைப்பர் ஓடிக்கொண்டே இருக்கும், எதிரே வருகிற லாரியின் மஞ்சள் விளக்கு மட்டும் தெரியும். முகட்டைத் தாண்டினதும் பனி சட்டென்று அறுந்துபோகிறது. ஒரு வளைவில் பச்சைப்புல், அடுத்த வளைவில் காய்ந்த கல். கண்ணாடியை இறக்கினால் முகத்தில் அனல் அடிக்கிறது. அரை மணி நேரத்துக்குள் பதினைந்து டிகிரி ஏறிவிடும். இந்தக் காய்ந்த பக்கத்தில்தான் லுபான் மரங்கள். பட்டையைச் செதுக்கிவிட்டால் பால் போல வடிந்து கட்டியாகிறது. அதைத்தான் சாம்பிராணி மாதிரிப் புகைக்கிறார்கள். ஈரம் நேராகப் படுகிற சரிவில் இந்த மரம் சரியாக வராது. மலைக்குப் பின்னால், கொஞ்சம் வறட்சியில்தான் நல்ல பிசின். வாதி தவ்கா என்ற பள்ளத்தாக்கில் இருக்கிற இந்த மரக்காடும், கரையோரத்துப் பழைய துறைமுகங்களும் 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

அதற்கும் வடக்கே போனால் ரூப் அல் காலி. சவூதி, ஓமன், எமிரேட்ஸ், ஏமன் நான்கிலும் பரவிக் கிடக்கிற 6.5 லட்சம் சதுர கிலோமீட்டர் மணல். நம் ஊர்க்காரர்கள் மனதில் இருக்கிற பாலைவனம் அதுதான். சில மணல்மேடுகள் 250 மீட்டர் உயரம். ஓரமாகப் போய்ப் பார்த்ததோடு சரி.

உங்களுக்குப் பிடித்துப்போகிற இடம் வேறு. வடக்கே ஹஜர் மலைத்தொடர், 3,000 மீட்டர் வரை உயரம். ஜபல் அக்தர் என்ற பகுதியில் படிப்படியாகப் பாத்தி கட்டி மாதுளையும் ரோஜாவும் வளர்க்கிறார்கள். பங்குனி, சித்திரையில் ரோஜாவைப் பறித்துப் பன்னீர் காய்ச்சுவார்கள். அந்த மலையிலும் அடிவாரத்து ஊர்களிலும் பலஜ் என்ற வாய்க்கால் பாசனம். மலையடியில் ஊற்றைத் தேடிச் சுரங்கம் வெட்டி, மோட்டார் எதுவும் இல்லாமல் சரிவை மட்டும் நம்பிக் கிலோமீட்டர் கணக்கில் தண்ணீரை ஊருக்குக் கொண்டு வருகிறார்கள். குடிக்க எடுத்தபின்தான் குளிக்க, அப்புறம்தான் தோட்டத்துக்கு. யாருக்கு எவ்வளவு நேரம் என்பது முறை வைத்து. முன்பெல்லாம் பகலில் நட்ட கம்பின் நிழலைப் பார்ப்பார்களாம், இரவில் நட்சத்திரத்தைப் பார்ப்பார்களாம். நம் மடையில் முறைத்தண்ணீருக்கு நீங்கள் ராத்திரி காவல் இருந்தீர்களே, அது நினைவுக்கு வந்தது.

எங்கள் கேம்ப்பில் பல நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். சாப்பிடும்போது ஊர்ப்பேச்சு வந்தால் மழைப்பேச்சுதான் வரும். லெபனான்காரர், தன் ஊரில் மழை முழுக்கக் குளிர்காலத்தில்தான் என்றார். மத்தியதரைக்கடலிலிருந்து வருகிற ஈரம் அங்கே கடலோர மலையில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது, உச்சி 3,088 மீட்டர். அதே மலைக்குப் பின்னால் இருக்கிற டமாஸ்கஸில் மழை சொற்பம். மொரோக்கோவிலும் அட்லஸ் மலை வைத்து இதே கணக்கு. அங்கே இஃப்ரான் என்ற ஊரில் 1935இல் உறைநிலைக்குக் கீழே 23.9 டிகிரி. ஆப்பிரிக்கா முழுவதிலும் பதிவான கடும் குளிர் அதுதான். ஏமன் மேட்டு நிலம் இதற்கு நேர்மாறு, அங்கே கோடையிலும் மழை உண்டு. 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிற சனாவைச் சுற்றிப் படிக்கட்டு வயல், காப்பித் தோட்டம் எல்லாம் அந்த மழையால்தான். ஆக, வடக்குக்கு மழை மார்கழி, தையில். தெற்கு ஓரத்துக்கு ஆனி, ஆடியில். இரண்டும் எட்டாத நடுப்பகுதிதான் பாலைவனம். கடகரேகையை ஒட்டிய அந்தப் பகுதியில் மேலிருந்து காற்று அமுங்கிக்கொண்டே இருப்பதால் மேகம் திரளவே வழியில்லை.

எகிப்துக்காரர் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் அசுவான் பக்கம். வருடக்கணக்கில் மழையே பார்க்காமல் வளர்ந்தவர். ஆனால் அவர் தாத்தா காலத்தில் ஆவணி, புரட்டாசியில் நைல் நதி பெருகி வயலுக்கு வண்டல் கொண்டு வருமாம். நமக்குச் சாரல் அடிக்கிற அதே மாதங்களில் எத்தியோப்பிய மலைகளில் பெய்கிற மழைதான் நீல நைலில் இறங்கி, சூடான் வழியாக அவர்கள் வயலுக்கு வந்தது. 1970இல் அசுவான் பெரிய அணை முடிந்தபின் வெள்ளம் அணையோடு நின்றுவிட்டது. இப்போது வருடம் பூராவும் பாசனம் உண்டு, வண்டல்தான் இல்லை, உரம் வாங்கிப் போடுகிறோம் என்றார். நம் பக்கத்து விவசாயி பேசுகிற பேச்சேதான்.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். காட்டாறு ரோட்டைக் குறுக்கே கடக்கிற இடங்களில் எவ்வளவு பெரிய பாலம், எத்தனை குழாய் என்று கணக்குப் போடுவதற்கு அளவு எடுத்துக் கொடுக்கிறோம். காய்ந்து கிடக்கிற ஓடைக்கு எதற்கு இத்தனை பெரிய பாலம் என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தோன்றும். 2018 மே மாதம் மெகுனு புயல் இங்கே கரையேறியபோது பல வருட மழை சில நாட்களிலேயே கொட்டி, ரோடுகளை அடித்துக்கொண்டு போனது. 2021இல் ஷாஹீன் புயல் மஸ்கட்டுக்கு வடக்கே அதேபோல. ஓடையில் தண்ணீர் வந்தால் வண்டியை இறக்காதே என்பது இங்கே முதல் பாடம். நான் அதில் கவனமாகத்தான் இருக்கிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள்.

இந்த மாதப் பணம் திங்கட்கிழமை அனுப்பினேன், வந்ததா என்று பேங்கில் பாருங்கள். தங்கச்சி காலேஜ் பீஸ் போக மீதியை மோட்டார் ரிப்பேருக்கு வைத்துக்கொள்ளுங்கள். கார் நடவு முடிந்துவிட்டதா? கால்வாயில் இந்தத் தடவை தூர் வாரினார்களா? குளத்துக்கு எவ்வளவு தண்ணீர் வந்திருக்கிறது என்று மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்