பாப்பாவுக்கு, போன்ல சொல்ல வராதது

பாப்பா,

நல்லாருக்கியா. மாப்பிள்ள, குட்டி எல்லாரும் நல்லாருக்காங்களா. இங்க ஒரு வாரமா மழை விடல, என் கால் வழக்கம்போல குத்துது, நீ குடுத்த தைலம் தேய்ச்சிக்கிட்டு தான் இருக்கேன். அம்மாவுக்கு முட்டி வலி பரவால்ல, பாலிகிளினிக்ல மாத்திரைய மாத்தி குடுத்திருக்காங்க. கீழ் வீட்டு ஆன்ட்டி லிஃப்ட்ல பாத்து, உங்க பொண்ணு நர்ஸ் மேனேஜர் ஆகப் போறாளாமேன்னு கேட்டாங்க. இப்ப ஆக்டிங், சீக்கிரம் ஆகிடுவான்னு சொன்னேன். சொல்லும்போது எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சுன்னு உனக்கு தெரியாது.

மூணு தடவ போன் பண்ணேன், வார்டுல இருக்கேன்பா அப்புறம் கூப்பிடுறேன்னு வச்சிட்ட. அப்புறம் கூப்பிடல. தீபாவளிக்கு வந்துட்டு போனதோட சரி, ஆறு வாரம் ஆச்சு. ஈசூன்ல 85 பஸ் ஏறினா நேரா புங்கோல், அவ்ளோ தான் தூரம். உன் வேலை எப்படின்னு எனக்கு தெரியும், கோவிட் நேரத்துல நீ ரெண்டு மாசம் வீட்டு பக்கமே வராம இருந்தப்ப நான் ஒரு வார்த்த கேட்டேனா. ஆனா இப்ப கேக்கத் தோணுது. நேரத்துக்கு சாப்பிடு. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வெறும் கோப்பியோட படுக்காத.

ஒண்ணு சொல்லணும், எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல, அதான் எழுதுறேன். கவர்மெண்ட் படிக்கிறதுக்குன்னு ஸ்கில்ஸ்ஃபியூச்சர்ல குடுத்த 500 வெள்ளிய வச்சு 2017ல நான் சூப்பர்வைசர் கோர்ஸ் போனேன்ல, ரிடையர் ஆகுற நேரத்துல இது எதுக்குன்னு அம்மா கூட திட்டினாளே. அதுல ஒரு நாள் டீச்சர் போர்டுல நாலு கட்டம் போட்டாங்க. ஜோஹாரி விண்டோன்னு பேரு. 1955ல ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம்னு ரெண்டு அமெரிக்கக்காரங்க போட்டது, ஜோசப் ஹாரி ரெண்டு பேரையும் சேத்து ஜோஹாரி. மொத கட்டம் உன்னப்பத்தி உனக்கும் தெரியும் மத்தவங்களுக்கும் தெரியும். இன்னொண்ணு உனக்கு மட்டும் தெரிஞ்சு நீ மறச்சு வச்சது. ஒண்ணு யாருக்குமே தெரியாதது. இன்னொரு கட்டம் தான் என்ன புடிச்சுக்கிச்சு, மத்தவங்க எல்லாருக்கும் தெரியும் உனக்கு மட்டும் தெரியாது. அத நீயா உக்காந்து எவ்ளோ யோசிச்சாலும் பாக்க முடியாது, யாராவது வாய் திறந்து சொன்னா தான் உண்டுன்னாங்க. மேல போகப் போக சொல்ற ஆளு கொறஞ்சிட்டே போவாங்கன்னும் சொன்னாங்க. நான் நோட்டுல எழுதிட்டு அதுக்கப்புறம் அன்னிக்கு பாடத்த எதுவும் கேக்கல.

அதனால சொல்றேன், உன்னப்பத்தி உன்கிட்ட சொல்ல வார்டுல ஒருத்தர வச்சுக்கோ. உன் வயசுக்கு மூத்த ஒருத்தங்க, உன்கிட்ட பயம் இல்லாதவங்க. நான் எப்படி இருக்கேன்னு பொதுவா கேக்காத, நல்லாத்தான் இருக்கீங்க சிஸ்டர்னு தான் சொல்லுவாங்க. நேத்து ஷிப்ட் மாத்தி விடுற ஹேண்டோவர்ல நான் பேசினது எப்படி இருந்துச்சுன்னு கேளு. கேட்டுட்டு பதில் சொல்லாத, அதான் கஷ்டம், பேசாம கேட்டுக்கோ. இப்ப ஆபீஸ்ல மேல உள்ளவங்க கீழ உள்ளவங்க எல்லாரும் ஃபார்ம்ல எழுதிக் குடுக்குறாங்களாமே, அது வேற, அதுல பேர் தெரிஞ்சிடுமோன்னு பாதிய எழுத மாட்டாங்க. நேர்ல ஒருத்தர கேளு. சாப்பாட்டு நேரத்துல கேளு.

தீபாவளி அன்னிக்கு நீ காரிடார்ல நின்னு போன் பேசிட்டு இருந்த. நான் விளக்கு வைக்க வந்தேன். யோசிக்கிறது உன் வேலை இல்ல, சொன்னத மட்டும் செய்னு யாரோ ஒரு பொண்ண சொன்ன. சத்தம் கூட போடல. அம்மா சமையக்கட்டுல இருந்து, அப்படியே உங்கப்பா குரல் மாதிரியே இருக்குன்னா, நீ சிரிச்ச. நான் சிரிக்கல. நீ அத கவனிச்சியோ என்னமோ, அதுக்கப்புறம் தான் போன் கொறஞ்சிருச்சுன்னு எனக்கு ஒரு எண்ணம்.

பாப்பா, என் கால் கதை உனக்கு தெரிஞ்சது வேற. 2003 நவம்பர், நீ ஆறாவது முடிச்சு பிஎஸ்எல்இ பரீட்ச ரிசல்ட்டுக்கு காத்திருந்த, லீவுன்றதால தினமும் என் கட்டில் பக்கத்துல உக்காந்திருந்த, அங்க தான் நானும் நர்ஸ் ஆவேன்னு சொன்ன. மழையில ஏணி வழுக்கிருச்சுன்னு உன்கிட்ட சொன்னேன். அன்னிக்கு மழையே இல்ல.

கப்பல் யார்டுல ஸ்டேஜிங் பலகை, நாங்க ஏறி நிக்கிற சாரத்துப் பலகை, ஒண்ணு கட்டாம கிடந்துச்சு, நான் கால வச்சதும் தூக்கி விட்டுருச்சு. அது கட்டலன்னு காலையிலயே ஒரு தம்பிக்கு தெரியும். ஊர்ல இருந்து வந்து எட்டு மாசம் தான் ஆச்சு. நான் விழுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்ன போடுற டூல்பாக்ஸ் மீட்டிங்ல, டேங்க்குள்ள கேஸ் செக் பண்ணியாச்சாண்ணேன்னு கேட்டான். கேக்க வேண்டிய கேள்வி. 1978 அக்டோபர் 12 ஜூரோங் யார்டுல ரிப்பேருக்கு நின்ன ஸ்பைரோஸ் கப்பல் வெடிச்சு 76 பேர் செத்தது அப்படித்தான், எரிபொருள் டேங்க்ல க்ரூட் ஆயில் கலந்திருந்துச்சு, வெட்டுற டார்ச்சோட பொறி பட்டுச்சு. 81ல நான் வேலைக்கு சேந்தப்ப பழைய ஆளுங்க அத சொல்லிச் சொல்லித்தான் எனக்கு வேலையே கத்துக் குடுத்தாங்க. எல்லாம் தெரிஞ்சும் முப்பது பேர் முன்னாடி என்னையே கேட்டுட்டானேன்னு எனக்கு ஏறிருச்சு, யோசிக்கிறதுக்கு உனக்கு சம்பளம் இல்ல, சொன்னத செய்னு கத்துனேன். அவன் தலைய குனிஞ்சிக்கிட்டான். நான் நல்ல கண்டிப்பான ஆளுன்னு என்னப்பத்தி நானே நெனச்சிக்கிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு அவன் ஆரஞ்சு வாங்கிட்டு வந்தான், நீ சேர்லயே தூங்கிட்டு இருந்த. பலகைய பாத்தேண்ணே, சொல்லலாம்னு வந்தேன், திட்டுவீங்கன்னு திரும்பிப் போயிட்டேன்னு சொல்லி அழுதான். சேஃப்டில இருந்து வந்து கேட்டப்ப, கட்ட வேண்டியது அவன் டீம்னு மட்டும் சொன்னேன். பொய் இல்ல. ஆனா அவன் ஏன் சொல்லாம போனான்னு எனக்கு தெரியும், அத நான் சொல்லல. அடுத்த மாசம் ஒர்க் பெர்மிட்ட கேன்சல் பண்ணி அவன ஊருக்கு அனுப்பிட்டாங்க. எட்டு மாசத்துல ஏஜெண்ட் கடன் எங்க அடஞ்சிருக்கும். நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருக்கலாம். அம்மாவுக்கு கூட இது தெரியாது.

யார்டுல எல்லாரும் அவன பட்டுக்கோட்டைன்னு தான் கூப்பிட்டோம். அவன் முழு பேர நான் கேட்டதே இல்ல. பல வருஷம் ஞாயித்துக்கிழமை, ஊர்ல இருந்து வேலைக்கு வந்த பசங்க கூடுற தேக்கா பக்கம் போறப்பெல்லாம் கூட்டத்துல முகம் முகமா பாப்பேன், திரும்ப வந்திருப்பானோன்னு.

நீ என்ன மாதிரி இல்ல. உன் வார்டுல வயசானவங்க உன் கைய விட மாட்டாங்கன்னு மாப்பிள்ள சொல்லியிருக்காரு. ஆனா போன்ல இருந்த அந்தப் பொண்ணு இனிமே ஒரு மருந்து அளவு தப்பா தெரிஞ்சாலும் உன்கிட்ட வருமான்னு எனக்கு ராத்திரியில நெனப்பு வருது. கோவப்படாத. கோவம் வந்தா வரட்டும், ஆனா போன் எடு. ஒருத்தர கேளு பாப்பா, அந்தப் பொண்ணையே கூட கேக்கலாம்.

ஞாயித்துக்கிழமை வா, அம்மா நண்டு வாங்கி வைக்கிறேன்னு சொல்லியிருக்கா. வர முடியலன்னா நான் 85 எடுத்து வர்றேன், குட்டிய பாத்து ரொம்ப நாளாச்சு. அந்தப் பொண்ணு பேரு என்னன்னு எனக்கு சொல்லு. சாப்பிட்டியா.

அப்பா