ஞாயிறு காலை டைம்லாப்ஸ்: தேவனாம்பட்டினம்

அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு அதிகாலை 4:45க்கு கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் நுழைவில் கூடுகிறோம். சூரிய உதயத்தை டைம்லாப்ஸாக (இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்த வேக வீடியோ) எடுக்கிறோம். 5:15க்கு எல்லார் கேமராவும் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். நல்ல நிறமெல்லாம் சூரியன் தலைகாட்டுவதற்கு முன்புதான்.

1. படத்துக்குப் படம் இடைவெளி 5 நொடி. 6:30 வரை 900 படம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 36 நொடி வீடியோ.

2. ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத பெரிய கோப்பு) என்றால் 64 ஜிபி கார்டு, காலியாக. பேட்டரி முழு சார்ஜ்.

3. அப்பர்ச்சர் பிரயாரிட்டி (லென்ஸ் திறப்பை நாம் வைக்க, ஷட்டர் நேரத்தை கேமராவே தேர்ந்தெடுக்கும் மோடு), ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) உச்சவரம்பு 3200. இருட்டில் ஷட்டர் 5 நொடியை நெருங்கினால் அடுத்த படம் தவறும், வீடியோ குதிக்கும். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்தே வையுங்கள். சிறிதாக்கினால் லென்ஸ் திறப்பின் இதழ்கள் ஒவ்வொரு முறையும் மயிரிழை மாறி மூடும், அதுதான் வீடியோவில் வரும் மினுமினுப்புக்கு முக்கியக் காரணம்.

4. ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) டேலைட். ஃபோகஸை தொலைவில் தெரியும் விளக்கில் பிடித்து மேனுவலுக்கு மாற்றுங்கள். ஸ்டெபிலைசேஷன் (அதிர்வு குறைப்பு) ஆஃப்.

5. ஈர மணலில் டிரைபாட் மெல்லப் புதையும், படம் சாய்ந்துவிடும். அலை எட்டாத இடத்தில், கால்களுக்கு அடியில் பலகைத் துண்டு வையுங்கள். பையைத் தொங்கவிட வேண்டாம், காற்றில் ஆடும்.

6. ஏசி அறையிலிருந்து நேரே எடுத்து வந்தால் லென்ஸில் பனி படியும். இரவே கேமராவை வெளி அறையில் வையுங்கள்.

7. மொபைல்காரர்கள்: ஏரோப்ளேன் மோடு போடுங்கள். எக்ஸ்போஷர் லாக் (வெளிச்ச அளவை மாறாமல் பூட்டுவது) வேண்டாம்.

கேமராவா மொபைலா, டிரைபாட் உண்டா என்று வெள்ளி இரவு 9 மணிக்குள் பதில் போடுங்கள். இல்லாதவர்களுக்கு ஏற்பாடு செய்யலாம்.