கிராப் சென்சார் கேமராவுக்கு 85 மி.மீ. லென்ஸ் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமணப் படமெடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் எந்த லென்ஸ் வாங்கலாம் என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆளுருவப் படத்துக்கு 85 மி.மீ. குவியத் தூரம் கொண்ட பிரைம் லென்ஸே (ஜூம் இல்லாத லென்ஸ்) உகந்தது என்று அதில் பொதுவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார்) கேமரா வைத்திருப்பவருக்கு அது சரியான யோசனைதான். ஆனால் வேலூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் நான் அறிந்த புதியவர்களில் பெரும்பாலோர், அதைவிடச் சிறிய சென்சார் கொண்ட கிராப் சென்சார் கேமராவோடுதான் தொழிலைத் தொடங்குகிறார்கள். அந்தச் சிறிய சென்சாரில் 85 மி.மீ. லென்ஸ், நிக்கான், சோனி கேமராக்களில் ஃபுல் ஃப்ரேமில் ஏறத்தாழ 127 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கும், கேனனில் 136 மி.மீ. காட்டும் அளவுக்கும் பார்வையைக் குறுக்கிவிடும் என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது பெருங்குறை.

இதனால் நேரும் இடர்ப்பாடு என்னவென்று கணக்கிட்டே பார்க்கலாம். நிற்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை, மேலும் கீழும் சிறிது இடம் விட்டுச் செங்குத்தாக எடுக்க, கிராப் கேமராவில் 85 மி.மீ. மாட்டினால் ஏழு மீட்டருக்கு மேல் விலகி நிற்க வேண்டும், 56 மி.மீ. மாட்டினால் ஐந்து மீட்டருக்குள் வேலை முடிந்துவிடும். குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ ஒரு சிறிய மண்டபத்தின் மணமேடைக்கு எதிரே ஏழு மீட்டர் பின்வாங்கினால், இடையே உறவினர்களின் முதுகும் வீடியோ எடுப்பவரின் விளக்கும்தான் தெரியும். வீட்டு நிச்சயதார்த்தத்தில் அவ்வளவு தூரம் போகச் சுவரே விடாது.

ஆளுருவப் படத்துக்கு 50 மி.மீ. போதாது, மூக்கைப் பெரிதாக்கும் என்று எங்கள் தொழிலில் வழிவழியாக ஒரு பேச்சு உண்டு. ஆனால் முகத்தின் அமைப்பு படத்தில் மாறித் தெரிவது நாம் நிற்கும் தூரத்தைப் பொறுத்ததே அன்றி, லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பொறுத்ததன்று. கிராப் கேமராவில் 56 மி.மீ. வைத்துத் தலையும் தோளும் அடங்க எடுக்கும்போது நாம் ஒன்றரை மீட்டர் அளவில் நிற்கிறோம். ஃபுல் ஃப்ரேமில் 85 மி.மீ. வைத்திருப்பவரும் அதே இடத்தில்தான் நிற்பார், முகமும் அப்படியேதான் விழும். பின்புலம் கலங்குவதில் மட்டும் சிறு வேறுபாடு உண்டு: கிராப்பில் எஃப் 1.4 திறப்பு (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும்) தருவது ஃபுல் ஃப்ரேமில் ஏறத்தாழ எஃப் 2.1 தரும் கலக்கமே. அந்த அளவே ஒரு தொல்லையாகிவிடுவதுண்டு. ஒன்றரை மீட்டரில், எஃப் 1.4 திறப்பில், கூர்மையாக விழும் ஆழம் நான்கு சென்டிமீட்டர் அளவுதான். மணமகளின் கண் கூர்மையாக இருக்கும்; அரையடி பின்னால் நிற்கும் மணமகன் மங்கிவிடுவார்.

படத்தின் மூலைகளைப் பெரிதாக்கிப் பார்த்து லென்ஸின் கூர்மையைச் சோதிக்கும்படி கட்டுரையாளர் சொன்ன முறையையும் நான் ஏற்கவில்லை. வேலூர்க் கோட்டையின் கருங்கல் மதிலைப் படமெடுத்து, மூலைகளைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்களை நானும் கண்டிருக்கிறேன். மணமக்களை யாரும் மூலையில் நிறுத்துவதில்லை. அதைவிட, ஆரணிப் பட்டின் சரிகை வெயிலில் மின்னும்போது முழுத் திறப்பில் ஒரு படம் எடுத்துப் பார்க்கட்டும். கூர்மைத் தளத்துக்கு முன்னும் பின்னும் சரிகை ஓரங்களில் ஊதாவும் பச்சையும் படிகிறதா, எஃப் 2 அல்லது எஃப் 2.8 வைத்தால் அது எவ்வளவு குறைகிறது என்பதில்தான் லென்ஸின் தரம் வெளிப்படும்.

இந்த நோக்கில், 2018-இல் அறிமுகமான சிக்மா 56 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை, மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கிராப் கேமராக்காரர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பேன். சோனி மாதிரியின் எடை 280 கிராம்தான். நீளம் ஆறு சென்டிமீட்டரைத் தாண்டாது. குறைகளும் உண்டு. அதில் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் அதிர்வுத் தடுப்பு இல்லை. சோனி ஏ6400, நிக்கான் இசட்50, கேனன் ஆர்50 போன்ற கேமராக்களின் உடலிலும் அது கிடையாது என்பதால் ஷட்டர் வேகத்தை 1/100 நொடிக்குக் கீழே இறக்கத் துணிவு வேண்டும். அரை மீட்டருக்கு மேல் நெருங்க முடியாது என்பதால் தாலியையோ மருதாணிக் கையையோ படம் நிறைய எடுக்க இது உதவாது. அந்த வேலையில், டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள வகைக் கேமரா) வைத்திருப்பவரின் கேனன் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம், 35 சென்டிமீட்டர் வரை நெருங்குவதால், இதை எளிதாக விஞ்சிவிடும். விலையும் மிகக் குறைவு.

எங்கள் பகுதியில் பாரதத் திருவிழாவின்போது விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில்தான் இத்தகைய லென்ஸின் அருமை புலப்படும். கூத்துக் களத்தின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தே எடுக்கலாம். கேமராவோடு சேர்த்துத் தரப்படும் கிட் லென்ஸ் 55 மி.மீ. முனையில் தரும் எஃப் 5.6-ஐவிட எஃப் 1.4 பதினாறு மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 12800-இல் எடுக்க வேண்டியதை 800-இல் எடுக்க முடியும். கிரீடத்தோடு சுழன்றாடும் நடிகரை 1/250 நொடி ஷட்டர் வேகத்தில் அசைவின்றி நிறுத்தலாம்.

பழைய லென்ஸ் வாங்குவோருக்கு ஒன்று. நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உடலில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. விலை மலிவு என்று பழைய 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸை வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். ஜி என்று முடியும் ஏஎஃப்-எஸ் லென்ஸைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி இத்தகைய பரிந்துரைகளை வெளியிடும்போது, ஒவ்வொரு லென்ஸுக்கும் விலையோடு, கிராப் கேமராவில் முழு உருவம் அடங்க எத்தனை மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்து அச்சிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ நடத்தும் வாசகர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.